நிலைப்படியில் நின்றுபோகும் கால்

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையைச் சுற்றியுள்ள சுரங்க லைன் வீடுகளில் இடமும் குறைவு, வாசலும் குறுகல். 2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடப்பட்டபோது நடுவயதில் இருந்த தொழிலாளர்கள் இப்போது அறுபதைத் தாண்டிவிட்டார்கள். பார்க்கின்சன் என்கிற நடுக்குவாதம் பெரும்பாலும் தலைகாட்டுகிற வயது. அந்த நோய் வந்தவர்களுக்குக் குறுகலான வாசல் பெரிய சோதனை. கூடத்தில் ஓரளவு நடந்து வந்தவர், நிலைப்படிக்கு முன்னால் சட்டென்று நின்றுவிடுவார். “கால் தரையில ஒட்டிக்கிச்சு” என்பார். பின்னாலிருந்து அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும். கையைப் பிடித்து இழுத்தாலோ, விழுவார்.

காலில் வலு இருக்கிறது. மூளையில் டோபமைன் சுரக்கும் உயிரணுக்கள் மடிவதால், யோசிக்காமலே அடுத்த அடியை எடுக்கவைக்கும் ஏற்பாடுதான் தடுமாறுகிறது. கண்ணுக்கோ காதுக்கோ வெளியிலிருந்து ஒரு குறிப்பு கிடைத்தால், மூளை வேறு வழியாகக் காலைத் தூக்கிவிடும். நடைக்கான கருவிகளில் பல இந்தக் குறுக்குவழியை நம்பியே செய்யப்பட்டவை.

புனேயைச் சேர்ந்த வடிவமைப்பாளர் மிலேகா சோனேஜி இதைத் தன் குடும்பத்திலேயே பார்த்தார். சமதளத்தில் திணறிய உறவினர் ஒருவர், மாடிப்படியில் மட்டும் தங்குதடையின்றி இறங்கினார். சோனேஜி படிக்கட்டு போலவே தோன்றும் ஓவியத்தைத் தரையில் ஒட்டிவைத்தார். அதன்மேல் அந்த உறவினர் நிற்காமல் நடந்தார்! கருவி என்று சொல்லக்கூட அதில் எதுவும் இல்லை.

நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதே குறிப்பைச் செருப்பில் பொருத்தினார்கள். ஒரு கால் தரையில் ஊன்றியதும், அதிலுள்ள லேசர் மறுகாலுக்கு முன்னே ஒரு கோடு போடும். அந்தக் கோட்டைத் தாண்ட வேண்டியதுதான். 19 பேரிடம் சோதித்து 2017-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தின் வேகம் தணிந்த நேரத்தில் கால் உறைவது 46 சதவீதம் குறைந்தது.

காதுக்கான குறிப்பு இன்னும் மலிவு. மெட்ரோனோம் என்னும் தாளக்கருவியின் ‘டிக் டிக்’ ஒலிக்கு ஏற்ப அடிவைக்கும் பயிற்சியை ஆய்வாளர் மைக்கேல் தாட் குழு 1996-இல் வெளியிட்டது. மூன்று வாரப் பயிற்சியில் நடைவேகம் கூடியது. இன்று கைபேசிச் செயலியே போதும். ட்ரெட்மில்லில் நடந்தபடி திரையில் வரும் தடைகளைத் தாண்டும் மெய்நிகர் பயிற்சியும் உண்டு. விழுவதை அது குறைப்பதாக 2016-இல் லான்செட் இதழ் ஆய்வு காட்டியது. ஆனால் அதற்கெல்லாம் பெரிய மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும்.

என்னைக் கேட்டால், நிறப் பட்டை டேப்பிலிருந்து தொடங்கலாம். மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனைக்குப் போகிறவர்கள், நரம்பியல் மருத்துவரோடு பிசியோதெரபிஸ்டையும் பார்த்துத் தங்கள் அடியின் நீளத்தை அளந்துகொண்டு வரட்டும். அந்த இடைவெளியில் வாசலுக்கு முன்னும் பின்னும் டேப்பைக் குறுக்காக, ஓரம் தூக்காமல் ஒட்டவேண்டும். எல்லோருக்கும் ஒரே அளவு பலன் கிடைக்காது. சிலருக்குக் கோடு, சிலருக்குத் தாளம். இந்த நோய்க்கான லெவோடோபா மாத்திரையை நிறுத்திவிட்டுச் செய்கிற காரியமல்ல இது. மாத்திரை நன்றாக வேலைசெய்கிற வேளையில், பக்கத்தில் ஒருவர் நிற்க, பழகத் தொடங்குவது நல்லது.