பழப்பாகு செய்வதில் எடையும் முகத்தலும்

மாம்பழக் காலத்தில் சந்தை விலை இறங்கும்போது, விற்காத பழங்களை ஜாம் என்னும் பழப்பாகாகச் செய்து வைத்துக்கொள்ளும் விவசாயக் குடும்பங்கள் பல உண்டு. சில வீடுகளில் இப்பாகு பல மாதங்கள் கெடாமலிருக்கிறது. வேறு சில வீடுகளிலோ சில வாரங்களுக்குள் பூசணம் பூத்தோ, நுரைத்துப் புளித்தோ போய்விடுகிறது. பழம், சர்க்கரை, விறகு, உழைப்பு யாவும் ஒருங்கே நஷ்டமாகின்றன. பாண்டங்களின் சுத்தக்குறைவு முதலிய காரணங்கள் பலரும் அறிந்தவை. பெரும்பாலோர் கவனியாத காரணம் ஒன்றுண்டு. அஃதாவது, எடையாகக் கூறப்பட்ட அளவை முகத்தலளவாக மாற்றுகையில் நேரும் பிழையேயாம்.

பிழை நேரும் விதம்

மாம்பழப் பாகிற்குக் கூழும் சர்க்கரையும் சம எடை கொள்ளவேண்டுமென்பது பொதுவான முறை. 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே கிலோவும் லிட்டரும் நம் நாட்டில் வழக்கிற்கு வந்தன. எனினும், தராசு இல்லாத சமையலறைகளே மிகுதி. ஆதலால், ஒரு டம்ளர் கூழுக்கு ஒரு டம்ளர் சர்க்கரை என அளந்துவிடுகின்றனர். சம முகத்தல் சம எடையாகாது. சர்க்கரை மணிகளுக்கிடையே காற்று நிறைந்த இடைவெளிகள் உள்ளன. கூழில் அவை இல்லை. 200 மில்லிலிட்டர் கொள்ளும் டம்ளரில் தலைதட்டி அளந்தால் ஏறத்தாழக் காணும் எடை வருமாறு:

தண்ணீர் – 200 கிராம்
வடிகட்டிய மாங்கூழ் – 210 கிராம்
சர்க்கரை – 170 கிராம்
நறுக்கிய பழத்துண்டு – 110 முதல் 140 கிராம் வரை

இதனால் விளையும் தீங்கு

பாகு கெடாமலிருக்க, அதில் கரைந்துள்ள திடப்பொருள் 100-க்கு 65 பங்கிற்குக் குறையலாகாது. கூழில் இது 100-க்கு 15 பங்கு என்று கொள்வோம். 1 கிலோ கூழுடன் 1 கிலோ சர்க்கரை சேர்த்து, மொத்தம் 1 கிலோ 700 கிராம் ஆகும்வரை சுண்டக் காய்ச்சினால், திடப்பொருள் 100-க்கு 67 பங்கிற்குச் சற்று மேலாகும். டம்ளருக்கு டம்ளர் அளந்தாலோ, 1 கிலோ கூழுக்குச் சேரும் சர்க்கரை சுமார் 810 கிராமே. அதே எடையில் இறக்கினால், திடப்பொருள் 100-க்கு 56 பங்கு மட்டுமே நிற்கும். பூசணத்திற்கும் புளிப்பை உண்டாக்கும் நுண்ணுயிர்களுக்கும் இது இடங்கொடுக்கும்.

செய்யவேண்டிய முறை

1. முகந்து அளப்போர் 4 டம்ளர் கூழுக்கு 5 டம்ளர் சர்க்கரை சேர்க்கவேண்டும். பாத்திரம் எதுவாயினும், ஒரே பாத்திரத்தால் இரண்டையும் அளந்தால் இவ்விகிதம் பொருந்தும்.

2. பழத்துண்டுகளை முகந்து அளக்கலாகாது. துண்டின் பருமனுக்கேற்ப இடைவெளி மாறும். மசித்து வடிகட்டிய பின்னரே கூழை அளக்கவேண்டும்.

3. முழுப்பழத்தின் எடையைக் கணக்கிற்குக் கொள்ளலாகாது. நீலம், பெங்களூரா முதலிய இனங்களில் தோலும் கொட்டையும் வெவ்வேறு அளவாயிருக்கும்.

4. சர்க்கரையைக் குவித்தோ, தட்டி அமுக்கியோ அளக்காமல், தலைதட்டி அளக்கவேண்டும்.

5. தத்தம் டம்ளரைச் சோதித்தறிதல் எளிது. கடையில் வாங்கிய 1 கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை அளந்து பார்க்கவும். ஏறத்தாழ 6 டம்ளர் காணுமாயின், அது 200 மில்லிலிட்டர் டம்ளர் என அறியலாம்.

6. தராசு இல்லாதோர், பாகைக் கரண்டியில் எடுத்துச் சற்று ஆறவிட்டுச் சாய்த்துப் பார்க்கவேண்டும். துளித்துளியாக ஒழுகாமல் ஏடாகத் திரண்டு விழுந்தால் பதம் வந்ததென்று கொள்க.

ஊறுகாய்க்கு உப்பிடுவோரும் இதனைக் கருதுதல் வேண்டும். கல்லுப்பும் பொடியுப்பும் ஒரே முகத்தலில் ஒரே எடையுள்ளவையல்ல. ஒன்றிற்கு எழுதிய டம்ளர்க் கணக்கை மற்றொன்றிற்குக் கையாளலாகாது.

வசதியுள்ளோர் சிறு தராசொன்றை வாங்கி வைத்துக்கொள்வது நலம். அஃதில்லாதோரும் மேற்கூறிய நாலுக்கு ஐந்து என்னும் கணக்கை மறவாதிருப்பின், பாகு சர்க்கரைக் குறைவால் கெடாது. விலையிறங்கிய காலத்துப் பழமும் வீட்டிற்குப் பயன்படும்.