நிலம் வாக்களித்த தீவு

சென்ற ஆண்டு ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் மகாசபைக் கூட்டத்துக்குச் சென்றிருந்தோம். சங்கத்தின் செயல் எல்லை மிகவும் விரிந்துவிட்டபடியால், வாய்க்காலுக்கு இப்பாலுள்ள தெருக்களை ஒரு சங்கமாகவும் அப்பாலுள்ளவற்றை மற்றொரு சங்கமாகவும் பிரிக்கலாம் என்ற யோசனை அன்று அங்கத்தினர் முன் வைக்கப்பட்டது. பின்வரிசையில் அமர்ந்திருந்த முதியவர் ஒருவர் எழுந்து, "படத்திலே கோடு போட்டவர் எங்கள் தெருவில் எத்தனை தறி ஓடுகிறதென்று வந்து பார்த்தாரா?" என்று கேட்டார். கோடு போட்டவர் நாமே. அலுவலக மேஜையின்மீது படத்தை விரித்து, அளவுகோலை வைத்துப் போட்ட கோடு அது.

அவருக்கு நாம் விடை தேடிக்கொண்டிருக்கையிலேயே வேறொருவர் எழுந்தார். "ஐம்பது பங்கு வாங்கியிருக்கிற எனக்கும் ஒரே வாக்கு, ஒரு பங்கு வாங்கியவருக்கும் ஒரே வாக்கு, இது என்ன நியாயம் ஐயா?" என்பது அவர் கேள்வி. இதற்குக் கூட்டுறவுச் சட்டத்தைக் காட்டி உடனே பதில் கூறிவிட்டோம். முதியவரின் கேள்விக்குத்தான் பதில் அகப்படவில்லை.

இவ்விரண்டு கேள்விகளும் ஒரு தேசத்தின் மாகாண அரசியலையே ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆட்டி வைத்தன என்று சொன்னால் அங்கத்தினர்கள் வியப்படையக்கூடும். அந்த வரலாற்றையே இங்கு எழுத முற்படுகிறோம்.

கனடா தேசத்தின் கீழ்க்கரையில், செயின்ட் லாரன்ஸ் வளைகுடாவில், பிரின்ஸ் எட்வர்டு தீவு என்றொரு மாகாணம் இருக்கிறது. கனடாவின் மாகாணங்களுள் மிகச் சிறியது அதுவே. பரப்பில் ஏறக்குறைய நமது ஈரோடு ஜில்லாவுக்குச் சமமாகும். மண் செந்நிறம், முக்கியப் பயிர் உருளைக்கிழங்கு, கடலோரத்தில் மீன்பிடி தொழில். தொன்றுதொட்டு அங்கு வாழ்ந்துவந்தவர்கள் மீக்மாக் என்னும் ஆதிகுடிகள். பின்னர் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினர். 1763-இல் தீவு ஆங்கிலேயர் வசமாயிற்று.

ஆங்கிலேயர் செய்த முதற்காரியம் அளவை. சாமுவேல் ஹாலண்டு என்ற அளவையாளர் 1764-லும் 1765-லும் தீவு முழுவதையும் அளந்தார். பிரின்ஸ், குயீன்ஸ், கிங்ஸ் என மூன்று கவுண்டிகள் வகுக்கப்பட்டன. கவுண்டி என்பது நம் தாலூகாவைப் போன்றதென்று கொள்ளலாம். அவற்றுக்குள், ஒவ்வொன்றும் சுமார் 20,000 ஏக்கர் கொண்ட 67 நிலப்பகுதிகள் வரையறுக்கப்பட்டன. 'லாட்' என்பது அவற்றின் பெயர். ஊர்ப்பெயர் கிடையாது, 1 முதல் 67 வரை எண்களே பெயர். 1767-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், இலண்டன் மாநகரில் குலுக்கல் முறையில் இவற்றுட் பெரும்பாலானவை அரசாங்கத்துக்கு வேண்டியவர்களுக்கும் படை அதிகாரிகளுக்கும் வழங்கப்பட்டன. நிலத்தைக் கண்ணால் கண்டிராதவர் பலர் அன்று ஆளுக்கு இருபதினாயிரம் ஏக்கருக்கு உரியவரானார்கள்! குடிகளைக் கொண்டுவந்து அமர்த்த வேண்டும், அரசுக்குச் சிறுவரி கட்ட வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்தன. நிபந்தனைகளைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. நிலத்தை மட்டும் விடவில்லை.

இதன் விளைவு என்ன? காட்டை வெட்டிக் கழனியாக்கிய குடியானவன், கடலுக்கு அப்பாலிருக்கும் நிலச்சுவான்தாருக்குத் தலைமுறை தலைமுறையாகக் குத்தகை கட்டினான். 1864-இல் குத்தகைதாரர்கள் ஒரு சங்கம் கூட்டி, இனிக் குத்தகை கொடுப்பதில்லை என்று உறுதி பூண்டார்கள். மறு ஆண்டு, அவர்களை அடக்குவதற்காக ஹாலிபாக்ஸ் நகரிலிருந்து சிப்பாய்கள் வரவழைக்கப்பட்டனர். அதே 1864-இல், ரஸ்டிகோ என்ற சிற்றூரில் பெல்கூர் என்னும் பாதிரியாரின் முயற்சியால் குடியானவர் வங்கி ஒன்று சட்டப்படி ஏற்பட்டது என்பதை நம் வாசகர்கள் குறித்துக்கொள்ளலாம். வட்டிக்கடைக்காரரிடம் போகாமல் குடியானவர் தமக்குள்ளேயே கடன் பெற வழிசெய்த அந்தச் சிறு வங்கி, 1894 வரை நடைபெற்றது. நம் கிராமக் கடன் சங்கங்களுக்கு நாற்பது ஆண்டு மூத்த உறவென்று அதனைக் கூறலாம். 1873-இல் தீவு கனடாவுடன் இணைந்தபோது, நிலங்களை விலைக்கு வாங்குவதற்காக 8 லட்சம் டாலர் கிடைக்க ஏற்பாடாயிற்று. 1875-இல் நிலக் கொள்முதல் சட்டம் நிறைவேறியது. நிலச்சுவான்தார்கள் விலகினார்கள். லாட் எல்லைகள் மட்டும் விலகவில்லை.

இனித் தொகுதிகளுக்கு வருவோம்.

தீவின் முதற் சட்டசபை 1773-இல் கூடியது, பதினெட்டு அங்கத்தினர்கள். பிற்காலத்தில் தொகுதிகள் வகுக்கப்பட்டபோது, லாட்டுகளைச் சேர்த்துச் சேர்த்தே தொகுதிகளை அமைத்தார்கள். நிலத்தைப் பங்கிடப் போட்ட கோடு, வாக்கைப் பங்கிடும் கோடாகவும் ஆயிற்று. கவுண்டிக்கு ஐந்து வீதம் பதினைந்து தொகுதிகள். தொகுதிக்கு இரண்டு அங்கத்தினர்கள். பெயரிலும் சிக்கனந்தான்: முதலாம் கிங்ஸ், இரண்டாம் கிங்ஸ் என்றவாறு எண் கொடுத்ததோடு சரி. மூன்று கவுண்டிகளுள் ஜனத்தொகை மிகக் குறைந்தது கிங்ஸ். தலைநகரான சார்லட்டவுன் இருப்பது குயீன்ஸில். இரண்டுக்கும் அங்கத்தினர் எண்ணிக்கை ஒன்றே.

இரண்டு அங்கத்தினர் எதற்கு என்று கேட்கலாம். இங்கேதான் நம் ஐம்பது பங்குக்காரரின் கேள்வி வருகிறது. அத்தீவில் சட்டசபைக்கு மேலாக ஒரு மேல்சபையும் இருந்தது. 1862 முதல் அதற்கும் தேர்தல் நடந்தது. ஆனால் நூறு பவுன் பெறுமான சொத்துடையவர் மட்டுமே அதில் வாக்களிக்கலாம். இரண்டு சபைகளை நடத்தும் செலவு சிறு மாகாணத்துக்குத் தாளவில்லை. ஆகவே 1893-இல் இரண்டையும் ஒன்றாக்கினார்கள். எப்படி ஒன்றாக்கினார்கள் என்பது வேடிக்கை. ஒவ்வொரு தொகுதியிலும் ஓர் அங்கத்தினரைப் பொதுமக்கள் தேர்ந்தெடுப்பர். மற்றவரை, 325 டாலர் பெறுமான நிலமோ வீடோ உடையவர்கள் மட்டும் தேர்ந்தெடுப்பர். இருவரும் ஒரே மண்டபத்தில், ஒரே உரிமையுடன் அமர்வர். மேல்சபையை எடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். உண்மையில் அதைக் கீழ்சபைக்குள் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டார்கள்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மூன்று தொகுதிகளில் நிலம் வைத்திருந்தவர் மூன்று தொகுதிகளிலும் சொத்து வாக்கை அளிக்கலாம். ஆகவே தொகுதியின் எல்லைக்கோடு எங்கே செல்கிறது என்பது, நிலமற்ற ஒரு மீனவனுக்கு இருந்ததைக் காட்டிலும் பல இடங்களில் நிலமுள்ளவருக்கு முக்கியமாயிற்று. தம் நிலங்களுக்கு நடுவே கோடு சென்றால் அவருக்கு ஒரு வாக்கு கூடுதல்! தேர்தல் நாளன்று ஓரிடத்தில் வாக்களித்துவிட்டு அடுத்த இடத்துக்கு விரைய வேண்டியதுதான். (1908-இல் மோட்டார் வண்டிகளையே சட்டத்தால் தடுத்துவைத்த தீவு அது, அத்தடை நீங்கும்வரை குதிரை வண்டியே கதி.) வாக்கும் நெடுங்காலம் இரகசியமாயிருக்கவில்லை. 1879-இல் இரகசிய வாக்குமுறையைக் கைவிட்டவர்கள், 1913-இல்தான் அதனை மீண்டும் ஏற்றார்கள். பெண்களுக்கு 1922-இல் வாக்குரிமை கிட்டிற்று.

இதைப் படித்து நாம் நகைப்பதற்கில்லை. நமது சென்னை மாகாணத்திலும் வெள்ளையர் ஆட்சியில் வரி கட்டுவோர்க்கும் சொத்துடையோர்க்குமே பெரும்பாலும் வாக்கு இருந்தது; நிலச்சுவான்தார்களுக்கென்றே தனித் தொகுதிகளும் இருந்தன. 1952-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில்தான், வயது வந்த ஒவ்வொருவரும் ஆளுக்கொரு வாக்கு என்ற முறையில் சட்டசபையைத் தேர்ந்தெடுத்தோம். அந்தத் தீவிலோ சொத்து வாக்கு 1962-ஆம் ஆண்டுத் தேர்தல்வரை நீடித்தது! 1963-இல் அது ஒழிக்கப்பட்டது. அவ்வாண்டே மீக்மாக் மக்களுக்கும் மாகாணத் தேர்தலில் வாக்குரிமை வந்தது. சார்லட்டவுன் அடங்கிய ஐந்தாம் குயீன்ஸ் தொகுதியைப் பிரித்து ஆறாம் குயீன்ஸ் என்ற புதுத் தொகுதியும் உண்டாக்கினார்கள். தொகுதிகள் பதினாறு, அங்கத்தினர்கள் முப்பத்திரண்டு ஆயினர். முதன்முதலாகக் கவுண்டிக்கு ஐந்து என்ற கணக்கு உடைந்தது.

இந்தப் புதிய ஏற்பாட்டின்படி 1966-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள் முதற் தேர்தல் நடந்தது. முதலமைச்சராக இருந்தவர் வால்டர் ஷா; எழுபத்தெட்டு வயது முதியவர்; கன்சர்வேட்டிவ் கட்சித் தலைவர். எதிர்த்து நின்ற லிபரல் கட்சித் தலைவர் அலெக்ஸ் காம்ப்பெலுக்கு முப்பத்திரண்டு வயது. வாக்குகளை எண்ணியபோது இவருக்குப் பதினைந்து, அவருக்குப் பதினைந்து. மீதி இரண்டு இடங்கள் முதலாம் கிங்ஸ் தொகுதியில். அங்கு ஒரு வேட்பாளர் தேர்தலுக்கு முன் இறந்துவிட்டபடியால் வாக்குப்பதிவு தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

முதலாம் கிங்ஸ் என்பது தீவின் கீழ்க்கோடி. சூரி என்ற துறைமுகச் சிற்றூரும், அதைச் சுற்றிய உருளைக்கிழங்கு வயல்களும், கடலோர மீனவர் குடியிருப்புகளுமே அத்தொகுதி. தலைநகரிலிருப்போர் நினைத்துப் பார்க்காத இடம். இப்போது மாகாணத்தை ஆளப்போவது யார் என்பதை அச்சில ஆயிரம் ஜனங்களே முடிவு செய்ய வேண்டியதாயிற்று. அதுவரை எட்டிப் பாராத பெரிய மனிதர்களெல்லாம் அங்கே வந்து முகாமிட்டார்கள். கப்பிச் சாலைகளுக்குத் தார் போடும் வேலை அவ்வாண்டு கோடையில் முதலாம் கிங்ஸில் நடந்த வேகத்தைப் பற்றித் தீவில் பிற்காலத்திலும் கதை கதையாய்ச் சொல்லி வந்தார்கள். தேர்தலுக்கு முந்திய மாதத்தில் மட்டும் சாலையின் பள்ளம் கண்ணில் படுவது எந்தத் தேசத்துக்கும் பொது போலும்! ஜூலை 11-ஆம் நாள் வாக்குப்பதிவு நடந்தது. இரண்டு இடங்களையும் லிபரல்கள் வென்றார்கள். காம்ப்பெல் முதலமைச்சரானார், 1978 வரை அப்பதவியில் இருந்தார். அங்கு வென்ற இருவருள் ஒருவரான டேனியல் மக்டொனால்டு ஒரு குடியானவர்; இரண்டாம் உலகப்போரில் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்தவர். பிற்பாடு அவரே கனடா மத்திய அரசில் முன்னாள் படைவீரர் நலத்துறை அமைச்சராக விளங்கினார்.

தார் கிடைத்தது நல்லதுதான். ஆனால் முதலாம் கிங்ஸ் போன்ற கிராமத் தொகுதியில் ஒரு வாக்கின் கனம் வேறு, சார்லட்டவுனைச் சுற்றி வாழ்ந்தவரின் வாக்கின் கனம் வேறு என்ற குறை அதனால் தீர்ந்துவிடவில்லை. நிலத்துக்கு வாக்கு போயிற்று; நிலத்தின்மீது போட்ட கோடு போகவில்லை. வீடுகள் பெருகிய புறநகர்த் தொகுதி ஒன்றின் வாக்காளர் தொகை, சிறிய கிராமத் தொகுதியினுடையதைப்போல் பல மடங்காயிற்று. இரண்டுக்கும் அங்கத்தினர் இரண்டிரண்டு பேரே. 1993-இல் இதன்பேரில் ஒரு வழக்கு மாகாண உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. இத்தகைய ஏற்றத்தாழ்வு 1982-ஆம் ஆண்டு உரிமைச் சாசனம் அளிக்கும் வாக்குரிமைக்கு முரண் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அதன்பின் பழைய தொகுதிகள் அனைத்தும் கலைக்கப்பட்டன. 1996-ஆம் ஆண்டு நவம்பர் தேர்தலில் 27 தொகுதிகள், தொகுதிக்கு ஓர் அங்கத்தினர் என்ற முறை நடைமுறைக்கு வந்தது. நம் நாட்டில் இரட்டை அங்கத்தினர் தொகுதிகளை 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கினோம். அவர்கள் அதற்கும் முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்தார்கள். இப்போது அங்கு மூன்று பொதுத்தேர்தல்களுக்கு ஒருமுறை எல்லை ஆணையம் கூடுகிறது. ஊர் ஊராகச் சென்று ஜனங்களின் கருத்தைக் கேட்கிறது. பின்னரே படத்தைத் திருத்துகிறது. முதலாம் கிங்ஸின் பெரும்பகுதி சூரி-எல்மைரா என்று ஊர்ப்பெயர் தாங்கிய தொகுதியாயிற்று.

கிராமத்தாருக்கு இதில் மனக்குறை இல்லாமலில்லை. தலையை மட்டும் எண்ணினால், தலை குறைந்த ஊர்களின் குரல் யார் காதில் விழும் என்று அவர்கள் கேட்கிறார்கள். அது வீண் கேள்வி என்று நாம் கருதவில்லை. தொகுதிக்குத் தொகுதி வாக்காளர் தொகை ஓரளவு கூடக்குறைய இருக்கலாமென்று அவர்கள் சட்டம் இடங்கொடுப்பதும் இதனாலேயே. ஆயினும், குறைந்த தலைகளுக்குக் கொஞ்சம் இடங்கொடுப்பது வேறு, இலண்டனில் சீட்டுக் குலுக்கிப் போட்ட கோட்டைக் கட்டிக்கொண்டு அழுவது வேறு.

நம் சங்கத்தின் கதையையும் சொல்லிவிட வேண்டும். கூட்டம் முடிந்த பத்தாம் நாள், படத்தைச் சுருட்டிக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு அவ்வூருக்கு மறுபடியும் சென்றோம். முதியவர் வாயிலில் பாவு தோய்த்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எம்முடன் புறப்பட்டார். வீடு வீடாகத் தறிகளை எண்ணினோம். வாய்க்கால் குறுக்கே ஓடுவது மெய்தான். ஆனால் அத்தெருவார் பாவு ஓட்டுவதும், நூல் வாங்கச் செல்வதும், நெய்த சேலையைக் கொண்டு கொடுப்பதும் வாய்க்காலுக்கு இப்பால்தான் என்பது அரை நாளில் விளங்கிவிட்டது. எம்முடைய கோட்டை அத்தெருவுக்கு அப்பால் தள்ளிப் போட்டு, திருத்திய யோசனையை மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறோம். உத்தரவு இன்னும் வரவில்லை.