ஷிஃப்ட் முடிஞ்சு வந்தா சிங்க் நிறைய பாத்திரமா? வேலையை விளையாட்டாக்க 3 வழிகள்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வந்தால், சிங்க் நிறைய பாத்திரம், மூலையில் அழுக்குத் துணி. 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு படுத்துடுறீங்களா? இதை ட்ரை பண்ணுங்க.

1. பாட்டுப் பந்தயம்: நெல் குத்தும்போது பெண்கள் அலுப்புத் தெரியாமல் பாடியது வள்ளைப்பாட்டு. சிலப்பதிகாரத்திலேயே இருக்கு. நீங்க ஃபோனில் 3 பாட்டு போடுங்க. அது முடியறதுக்குள்ள பாத்திரம் முடியணும்!

2. தக்காளி டைமர்: 1980களின் இறுதியில் இத்தாலிய மாணவர் ஃபிரான்செஸ்கோ சிரில்லோ, தக்காளி வடிவ சமையலறை டைமரை வைத்துப் படித்தார். அதுதான் பொமோடோரோ முறை. 25 நிமிடம் வேலை, 5 நிமிடம் ஓய்வு. களைப்பா இருந்தா 10 நிமிடம் மட்டும் வைங்க. தொடங்கிட்டாலே பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

3. சீட்டுக் குலுக்கல்: பெருக்குவது, துவைப்பது, குப்பை கொட்டுவது என ஒவ்வொன்றையும் சீட்டில் எழுதிக் குலுக்குங்க. கைக்கு வந்த வேலையைச் செய்தே ஆகணும்.

ஆனா ஒண்ணு. மத்திய அரசின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லா வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் சராசரியாக நாளுக்கு 289 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 88 நிமிடம்தான். அதனால சீட்டு எடுக்க அப்பா, அண்ணன், தம்பியையும் கூப்பிடுங்க!