உமிச்சாம்பலும் அதன் அரவையும்

சித்தூர் வட்டத்து நல்லேப்பிள்ளியைச் சூழ்ந்த பாலக்காட்டு வயல்களில் விளையும் நெல்லின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாகும். அது அரிசி ஆலைக் கொதிகலன்களில் எரிபொருளாகி, தன் எடையில் மீண்டும் ஐந்தில் ஒரு பங்களவு சாம்பலை விட்டுச்செல்கிறது. நன்கு எரிந்த சாம்பலில் 85 முதல் 95 விழுக்காடு வரை சிலிக்கா, அதாவது மணலின் அடிப்படைப் பொருள், இருந்தாலும், சுமார் 700 டிகிரி செல்சியசுக்கு மேல் நெடுநேரம் எரிந்தால் அது படிகமாக இறுகி வினைத்திறன் குன்றுவதால், அரவைக்கு முன்பே அடுப்பு தரத்தைத் தீர்மானித்துவிடுகிறது.

உமியின் திசுக்கூட்டை அப்படியே தாங்கிநிற்கும் இச்சாம்பல் துளைகள் நிறைந்தது. கான்கிரீட்டில் இதை அரைக்காமல் சேர்த்தால் மிகுதியான நீரை உறிஞ்சி, அதன் வலுவைக் குறைக்கும். எஃகுக் குண்டுகள் உருளும் அரவைக்கலத்தில் அக்கூடு நொறுங்கி, சில மைக்ரான் அளவுத் துகள்களாகும்போது (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), அவை சிமெண்டுத் துகள்களின் இடைவெளிகளை நிரப்பி, அங்குள்ள சுண்ணாம்புடன் வினைபுரிகின்றன. உமிக்கரியை நுணுக்கிப் பல் துலக்கிய ஊர்களுக்கு இவ்வேலை முற்றிலும் புதிதன்று. இருவேறு பொருள்கள் தம் இயல்போடு இணையும் கலப்புருப் பொருள்களில், குறிப்பாக ரப்பரிலும் அலுமினியத்திலும், இந்நுண்துகள் நிரப்பியாகவும் பயன்படுகிறது. ஆனால் அளவுக்கு மீறி நுணுக்கினால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடுகின்றன.