இணையம் அறுந்தது எங்கே?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து சென்னைப் புறநகரான முடிச்சூரும் வரதராஜபுரமும் வெள்ளத்தில் நின்றபோது, இணையம் ஏன் போனது என்று யாரும் கேட்கவில்லை. வெயிலடிக்கிற சாதாரண நாளில் போனால்தான் சிக்கல். வீட்டில் லினக்ஸ் வைத்திருப்பவர் புகார் சொன்னால், “உங்க சிஸ்டம்லதான் சார் பிரச்சினை, விண்டோஸ்ல போட்டுப் பாருங்க” என்ற பதில் சுலபமாக வந்துவிடும். பழுது வாசலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதைப் புகார் செய்வதற்கு முன்பே நாம் தெரிந்துவைத்திருக்க வேண்டும். பிறகு உரிமை கேட்கும்போது கையில் இருக்கும் ஆதாரம் அதுதான்.

முதலில் ஃபைபர் மோடத்தைப் பாருங்கள். எல்ஓஎஸ் என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் கேபிளில் ஒளியே வந்து சேரவில்லை. கணினியைத் தொடவே வேண்டாம். மின்கம்பத்திலும் மரக்கிளையிலும் தொங்கவிட்ட கேபிள் அறுபட ஒரு லாரி உரசினால் போதும். சிவப்பு இல்லையென்றால் டெர்மினலில் ‘ஐபி ரூட்’ கட்டளையைக் கொடுங்கள். ‘டீஃபால்ட்’ என்று தொடங்கும் வரியில் 192.168.1.1 போல ஓர் எண் இருக்கும். அது உங்கள் ரவுட்டர். அந்த வரியே இல்லையென்றாலோ, ரவுட்டருக்கு பிங் செய்து பதில் வராவிட்டாலோ, கோளாறு பெரும்பாலும் வீட்டுக்குள்தான்: வைஃபை, ஒயர், நெட்வொர்க் அமைப்பு. ரவுட்டர் பதில் தந்து, வெளியே இருக்கும் கூகுளின் 8.8.8.8 தராவிட்டால், மாதக் கட்டணம் முடிந்துவிடவில்லை என்று மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள். மற்றபடி பழுது பெரும்பாலும் வெளியேதான். 8.8.8.8 பதில் சொல்லியும் இணையதளம் திறக்காவிட்டால், தளத்தின் பெயரை எண்ணாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸைச் சந்தேகிக்கலாம். அதை நாமே மாற்றிக்கொள்ள முடியும்.

பணம் கட்டுகிறவர் இதையெல்லாம் ஏன் செய்ய வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. பழுதைக் கண்டுபிடிப்பது நிறுவனத்தின் வேலைதான். ஆனால் பழியை மறுக்க நம்மிடம் ஏதாவது இருக்க வேண்டுமே. கட்டளை எழுத வராத பெரியவர்கள் செல்போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, அதே வைஃபையில் இணைத்துப் பார்க்கலாம். அதிலும் வரவில்லையென்றால் லினக்ஸைக் குறைசொல்ல இடமில்லை. இந்தத் தெளிவு இல்லாதபோதுதான் பதற்றத்தில் கூகுளில் உதவி எண் தேடி மோசடிக்காரரிடம் சிக்குகிறோம். இணையமே இல்லாத கணினியை ஓர் ஆப் வழியாகச் சரிசெய்கிறேன் என்பவர் குறிவைப்பது உங்கள் செல்போனையும் அதிலுள்ள வங்கிக் கணக்கையும். கருவியைத் தொலைவிலிருந்து இயக்க விடும் எனிடெஸ்க் ஆப் வழியாக நடக்கும் திருட்டைப் பற்றி ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. பில்லில் அச்சிட்ட எண்ணை மட்டும் அழையுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள்.

புகார் செய்ததும் பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகாரை நேரடியாக விசாரிப்பதில்லை. ஆனால் அதன் 2012 விதிகளின்படி, தீர்வு கிடைக்காதவர் 30 நாட்களுக்குள் நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம், அவர் 39 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும். அந்த அதிகாரியும் அதே நிறுவனத்தின் ஆள்தானே என்ற சந்தேகம் சரியானதே. அதனால்தான் உச்ச நீதிமன்றத்தின் 2022 பிப்ரவரித் தீர்ப்பு முக்கியம்: தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் மன்றங்கள் விசாரிக்கலாம் என்று அது உறுதிசெய்தது. குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம் என்பதால் தாம்பரத்துக்காரருக்குச் செங்கல்பட்டு போதும். சேவைக்குச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் கிடையாது. அங்கே காட்ட, ‘டேட்’ கட்டளையையும் பிங் முடிவையும் ஒரே திரையில் வைத்து, சிவப்பு விளக்கோடு சேர்த்துத் தினம் ஒரு படம் எடுத்துவையுங்கள்.