கீழ்ச்சுருதிக் கிற்றாரும் அதன் வாசிப்பாளரும்

நேயர்களே, பாட்டொன்றைக் கேட்டு முடித்த ஒருவரிடம், "இதிலே பேஸ் கிற்றார் எப்படி இருந்தது?" என்று வினவிப் பாருங்கள். அப்படியொரு வாத்தியம் ஒலித்ததாகவே தமக்கு நினைவில்லை என்று பலர் சொல்வார்கள். அதே வினாவை வாசித்தவரிடம் விடுத்தாலோ, தந்தி எந்த வகை, அதைக் கடைசியாக மாற்றியது எப்போது, காந்தச் சுருள் எந்த இடத்திலே பொருத்தப்பட்டது, விரலால் மீட்டியதா, பிக்கினால் மீட்டியதா என்று ஒரு மணி நேரம் சொல்லிக்கொண்டிருப்பார். கேட்பவர் கவனியாத ஒரு நாதத்துக்காக வாசிப்பவர் ஏன் இத்தனை பாடுபடுகிறார் என்பதே இன்றைய பேச்சின் பொருள். சங்கீத வித்துவானாக நின்று நான் இதைப் பேசவில்லை. பாடசாலை அதிபராக, இவ்விஷயத்தில் ஒருமுறை பிழை விட்டவனாக நின்று பேசுகிறேன். அந்தப் பிழையைப் பின்னர் சொல்வேன்.

முதலில் வாத்தியத்தை அறிந்துகொள்வோம். பேஸ் கிற்றாருக்கு வழக்கமாக நான்கு தந்திகள். சாதாரண கிற்றாரின் தடித்த தந்திகள் நான்கும் எந்தச் சுரங்களிலே கூட்டப்படுகின்றனவோ, அவற்றிற்கு ஒரு ஸ்தாயி கீழே இவை கூட்டப்படும். மிகத் தடித்த தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது. இதற்கு முன்னர் மேல்நாட்டுக் குழுக்களில் இவ்வேலையைச் செய்தது ஆளுயரமான டபிள் பேஸ். அதைத் தூக்கிச் செல்வது ஒரு பாடு. டிரம்மும் மின் கிற்றாரும் முழங்கும் மேடையிலே அதன் ஒலியைச் சபைக்குக் கேட்கச் செய்வது மற்றொரு பாடு. 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்காவின் சியாற்றில் நகரத்துப் போல் டுட்மார்க் என்பவர் மெட்டுக்கள் பதித்த மின் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார், அது பரவவில்லை. 1951 இல் கலிபோர்ணியாவின் புல்லர்ட்டன் நகரில் லியோ ஃபெண்டர் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்' என்பதே உலகெங்கும் பரவியது. பல ஆண்டுகள் வரை இந்த வாத்திய வகையையே 'ஃபெண்டர் பேஸ்' என்று அழைத்தவர்கள் உண்டு.

ஃபெண்டர் வானொலிப் பெட்டி திருத்தும் கடை வைத்துத் தொழில் தொடங்கியவர் என்பதை அறிந்தால் வானொலி நேயர்களாகிய நீங்கள் மகிழக்கூடும். கிற்றார் வாசிக்க அவர் கற்றவரல்லர். அதனாற்போலும், வாசிப்பவர்கள் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். நம் வீணையில் உள்ளதுபோல மெட்டுக்கள் இருந்தபடியால் சுரம் பிசகாமல் நின்றது. துல்லியம் என்னும் பொருளுடைய அந்தப் பெயரும் அதனாலேயே வந்தது. தந்தியின் நீளத்தை அவர் 34 அங்குலமாக வைத்தார். டபிள் பேஸினதோ 40 அங்குலத்துக்கு மேற்பட்டது.

1960 இல் அதே நிறுவனம் 'ஜாஸ் பேஸ்' என்ற மற்றொன்றை வெளியிட்டது. அன்று தொடங்கிய கட்சி பிரிவு இன்றும் தீரவில்லை. பிரிசிஷனுக்குக் காந்தச் சுருள் ஒன்று, அதுவும் 1957 முதல் இரு துண்டாகப் பிரிந்து நடுப்பக்கமாக அமைந்தது. ஜாஸ் பேஸுக்கு இரண்டு. அவற்றுள் ஒன்று குதிரைக்கு நெருக்கமானது. தண்டியும் பிரடைப் பக்கத்தில் ஒடுக்கமானது. வீணைத் தந்தியைக் குதிரைக்கு அருகிலே மீட்டினால் நாதம் கூர்மையாகவும், அகல விலகி மீட்டினால் குழைவாகவும் வருவதைக் கேட்டிருப்பீர்கள். காந்தம் எவ்விடத்திலே தந்தியின் அசைவைப் பிடிக்கின்றதோ அவ்விடத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். ஆகவே பருமனான ஒற்றை நாதத்தை விரும்புவோர் முன்னதையும், தெளிவும் வேகமும் வேண்டுவோர் பின்னதையும் எடுத்தார்கள். கை சிறியவர்கள் நாதத்தை எண்ணாமல் தண்டியின் ஒடுக்கத்துக்காகவே ஜாஸ் பேஸை எடுத்ததும் உண்டு. இதைக் குறைவாக நினைக்கலாகாது. கை நோகாமல் வாசித்தாலன்றி நாதம் நன்றாக வராது.

தெரிவு எப்போதும் காதினால் மாத்திரம் நடப்பதில்லை என்பதற்குப் பீற்றில்ஸ் குழுவின் போல் மக்கார்ட்னியே சாட்சி. 1961 இல் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் அவர் வயலின் வடிவமான ஹொஃப்னர் பேஸ் ஒன்றை வாங்கினார். ஃபெண்டர் வாங்க அவரிடம் பணம் போதவில்லை. இதன் விலை ஏறத்தாழ 30 பவுண். அவர் இடதுகைப் பழக்கமுடையவர். இருபுறமும் ஒத்த வடிவமாதலால் மாறிப் பிடித்தாலும் அவலட்சணமாக இராது என்பதும் ஒரு காரணம். இப்படி வந்த வாத்தியம் உட்கூடுடையது. தந்தி 30 அங்குலமே. தந்தி குறுகினால் அதே சுரத்துக்கு அதை இழுத்துக் கட்டவேண்டிய விசையும் குறையும். நாதம் சற்றே தளர்ந்து உருண்டையாக வரும். அந்த உருண்டை நாதம் பின்னர் உலகறிந்த நாதமாயிற்று. 1972 இல் லண்டனில் ஒரு வானிலிருந்து களவுபோன அந்த வாத்தியம் அவரிடம் மீண்டு வந்த செய்தி 2024 இலேதான் வெளியாயிற்று.

இனித் தந்திகளைப் பற்றி. வாசிப்பாளர்கள் மிகுதியாக வாதாடுவது இங்கேதான். பேஸ் தந்தி ஒரு நடுக் கம்பியின் மேல் வேறொரு கம்பி சுற்றப்பட்டது. சுற்றும் கம்பி தட்டையான நாடாவாக இருந்தால் மேற்பரப்பு வழுவழுப்பாகும். நாதம் அடக்கமாகவும் கனமாகவும் இருக்கும். உருண்டைக் கம்பியாயின் மேற்பரப்பு வரிவரியாகும். நாதம் வெண்கல மணிபோல் பளிச்சென்று வரும். இங்கிலாந்தில் 'த ஹூ' குழுவின் ஜோன் என்ட்விசில் இந்தப் பளிச்சிடும் நாதத்தைத் தேடி, 1960களில் றோட்டோசவுண்ட் என்ற தந்தி நிறுவனத்தாருடன் சேர்ந்து உருண்டைச் சுற்றுத் தந்திகளைச் செப்பனிட்டார். அதற்கு முன் மெல்லிய தந்திகளுடைய ஒரு பேஸை விரும்பி வாங்கி, தந்தி அறுந்தபோது மாற்றுத் தந்தி கடையிலே கிடையாமையால் வாத்தியத்தையே மறுபடி வாங்கினாராம்.

அவருக்கு நேரெதிரானவர் டெற்றோயிற் நகரத்து மோட்டவுன் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936 இல் பிறந்த இவர் டபிள் பேஸிலே பயின்றவர். 1962 ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ் ஒன்றில், மிகத் தடித்த தட்டைச் சுற்றுத் தந்திகளை, விரற்பலகைக்கு மேலே நன்கு உயர்த்திக் கட்டிவைத்தார். அறுந்தாலன்றி அவற்றை மாற்றமாட்டார் என்பர். குதிரையின் மூடிக்குக் கீழே ஒரு துண்டுப் பஞ்சு, தந்திகள் நெடுநேரம் ரீங்கரியாமல் அடக்கியது. வலக்கைச் சுட்டுவிரல் ஒன்றினாலேயே மீட்டினார். ஒலிப்பதிவு அறையிலே பெரும்பாலும் ஒலிபெருக்கிப் பெட்டியும் இல்லை. பதிவு மேசையில் நேராக இணைத்துக்கொண்டார். இந்த எளிய ஏற்பாட்டிலிருந்து பிறந்த இசையே 1960களில் அமெரிக்காவை ஆடவைத்தது. அப்படியிருந்தும் 1971 வரை இசைத்தட்டின் உறையிலே அவர் பெயர் அச்சாகவில்லை. 1983 இல் அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அந்த வாத்தியமும் களவுபோயிற்று.

பழைய தந்தியும் ஒரு துண்டுப் பஞ்சும் நாதத்தை ஆக்குமா என்று சிலர் நகைக்கலாம். மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசையை எவ்வளவு அப்புவது என்று கச்சேரிக்குக் கச்சேரி பார்க்கிறவர்களும், தம்புராவின் தந்திக்குக் கீழே ஜீவா நூலை மயிரிழையளவு நகர்த்தி நாதத்தை எழுப்புகிறவர்களும் நம்மவர்களே அல்லவா? லொஸ் ஏஞ்சல்ஸ் நகரின் கரோல் கேய் அம்மையார் கிற்றார் வாசித்து வந்தவர். 1963 இல் ஒருநாள் பேஸ் வாசிப்பவர் வராமையால் அவ்வாத்தியத்தைக் கையிலெடுத்தார். அவரும் தட்டைத் தந்தியையும் தந்திமேல் வைத்த கம்பளித் துண்டையுமே நம்பினார். ஆனால் விரலை விட்டுப் பிக்கினால் மீட்டினார். ஆகவே தந்தி ஒரே இனமாயினும் நாதம் வேறாயிற்று.

ஜாக்கோ பஸ்தோரியஸ் என்ற இளைஞரோ இன்னும் ஒரு படி சென்றார். 1962 ஆம் ஆண்டு ஜாஸ் பேஸின் மெட்டுக்களைப் பிடுங்கி, பள்ளங்களை அடைத்து, உருண்டைச் சுற்றுத் தந்தி மரத்தை அராவாதபடி, தோணிகளுக்குப் பூசும் கடினமான பூச்சை விரற்பலகைக்குப் பூசினார். மெட்டு நீங்கியதால் கமகம்போல் சுரத்தை வழுக்கி இழுக்க முடிந்தது. 1976 இல் வெளிவந்த அவரது முதல் இசைத்தட்டைக் கேட்டவர்கள் பலர் தத்தம் வாத்தியங்களின் மெட்டுக்களையும் பிடுங்கலாயினர். ஃபெண்டர் துல்லியத்துக்கென்று பதித்ததை இவர் துல்லியமான காதை நம்பிப் பிடுங்கினார் என்க.

ஒலிபெருக்கி உபகரணங்களைப் பற்றி நீட்டி உரைக்க வேண்டியதில்லை. தாழ்ந்த ஒலிக்கு நம் செவி மந்தமானது; ஆகவே அதைப் பெரிதாக்கப் பெருஞ்சக்தி வேண்டும். 1969 இல் அம்பெக் நிறுவனம் வெளியிட்ட பெட்டி 300 உவாற்று வலியுடையது; தனியொருவரால் தூக்கிக்கொண்டு நடக்க இயலாதது. இன்று அவ்வளவு வலியைச் சில இறாத்தல் நிறையுள்ள சிறு பெட்டி தருகின்றது. முதுகுகள் பிழைத்தன.

ஆனால் ஓர் உண்மையை மாத்திரம் ஆறுதலாகச் சொல்ல விரும்புகிறேன். செக்கனுக்கு 41 அதிர்வு என்றேன். உங்கள் வீட்டு வானொலிப் பெட்டியின் சிறு ஒலிபெருக்கி அந்த அதிர்வை எழுப்புவதேயில்லை எனலாம். பின் எவ்வாறு அச்சுரத்தை உணர்கிறீர்கள்? ஒரு தந்தி அதிரும்போது 41 உடன் 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் கூடவே எழுகின்றன. அம்மடங்குகளைக் கேட்ட செவியும் மூளையும் இல்லாத அடிச்சுரத்தைத் தாமே ஊகித்துக் கொள்கின்றன. பைலாப் பாட்டிலோ இளையராஜாவின் திரைப்பாட்டிலோ பேஸ் நடந்து செல்லும் தடத்தைச் சிறு பெட்டியிலும் நாம் பின்தொடர முடிவது இதனாலேதான். எனவே நல்ல பேஸ் நாதம் என்பது தாழ்ந்த ஒலி நிறைந்த நாதம் என்று எண்ணுவது தவறு. அடியிலே பெரிய டிரம் இடம்பிடித்து விடும். மேலே கிற்றாரும் பாட்டுக் குரலும் நிற்கும். இரண்டுக்கும் நடுவேயுள்ள மேலொலிகளாலேதான் பேஸ் தன்னை அறிவிக்க வேண்டும். தனியே கேட்கும்போது இனிப்பது கூட்டத்தில் மறைந்துபோவதும், தனியே கரடுமுரடாயிருப்பது கூட்டத்தில் சரியாக அமர்வதும் இக்காரணத்தினால்தான்.

என் பிழை இங்கேதான் நிகழ்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் எமது பாடசாலையின் மேல்நாட்டு இசைக்குழுவுக்குப் பழைய மாணவர்கள் பணம் தந்தனர். உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், கடையொன்றிலே பார்த்த பழைய நான்கு தந்திப் பேஸ் ஒன்றை வாங்கித் தருமாறு கேட்டான். பூச்சு உரிந்து மங்கிக் கிடந்தது அது. அதே விலைக்கு மினுமினுக்கும் ஐந்து தந்திப் புது வாத்தியம் கிடைக்கும்போது பழையதை வாங்குவது பிறர் பணத்துக்குச் செய்யும் துரோகம் என்று அவனைக் கண்டித்து, புதியதையே வாங்கினேன். ஒத்திகையில் அவன் தனியே வாசித்ததைக் கேட்டு, "இன்னும் கனமாக வைக்கலாமே தம்பி" என்று அடியொலித் திருகையும் கூட்டச் சொன்னேன். "சரி, சேர்" என்றான். அதிபர் சொன்னால் மாணவன் வேறென்ன சொல்வான்? பரிசளிப்பு விழாவன்று மண்டபம் அதிர்ந்தது; ஆனால் சுரம் ஒன்றேனும் கேட்கவில்லை. பெற்றோர் சிலர், அந்தப் பிள்ளைக்கு வாசிக்கத் தெரியாதோ என்று என்னிடமே கேட்டனர்.

அடுத்த நாள் அவனை அழைத்து, அவன் விருப்பப்படி வைத்துக் காட்டச் சொன்னேன். அடியொலியைக் குறைத்தான், நடுவொலியைக் கூட்டினான், கரும்பலகை துடைப்பானிலிருந்து ஒரு துண்டைக் கேட்டு வாங்கிக் குதிரையருகே தந்திகளுக்குக் கீழே செருகினான். தனியே கேட்க, தகரத்தைத் தட்டியதுபோல் இருந்தது. மற்றவர்களும் சேர்ந்து வாசித்தபோது, மண்டபத்தின் கடைசி வாங்கிலே இருந்த எனக்கு ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் கேட்டது. மறுவாரம் கொழும்புக்குச் சென்ற வேளை, அவன் கேட்ட பழைய வாத்தியத்தைப் பற்றிக் கடையிலே விசாரித்தேன். அது விலைப்பட்டுப் போயிருந்தது.