ஓய்வெடுக்கும் கரை
கரையோரம் - 11: சிலாபம்

மாதத்துக்கு ஒருமுறை நிலாவைப் பார்த்து அலுவலகத்தைப் பூட்டும் நாடு நம்முடையது. பௌர்ணமி எந்தக் கிழமையில் வந்தாலும் அன்று போயா. வங்கி இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, சாராயக் கடையும் இறைச்சிக் கடையும் இல்லை. அதோடு தைப்பொங்கல், மகா சிவராத்திரி, சித்திரைப் புத்தாண்டு, பெரிய வெள்ளி, நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், தீபாவளி, நத்தார் என்று கலண்டர் சிவந்து கிடக்கிறது. லண்டனிலிருந்து லீவில் வரும் சொந்தக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இத்தனை நாள் லீவு எடுத்தால் நாடு எப்படி ஓடும்?" என்று கேட்காமல் இருப்பதில்லை.

ஒரு காலத்தில் இது இன்னும் தூரம் போனது. 1966இல் டட்லி சேனாநாயக்க அரசு சனி, ஞாயிறு விடுமுறையையே எடுத்துவிட்டது. பௌர்ணமி, அமாவாசை, இடையில் வரும் இரண்டு அரைநிலா நாட்கள், இவைதாம் வாராந்த ஓய்வு நாட்கள் என்று சட்டம் வந்தது. நிலாவின் கணக்கு ஏழு நாளுக்குள் சரியாக அடங்காது. ஆகவே ஒரு வாரம் ஏழு நாளாகவும் இன்னொரு வாரம் எட்டு நாளாகவும் ஓடியது. கப்பல், வங்கி, வெளிநாட்டு வியாபாரம் எல்லாம் தடுமாறின. 1971இல் சனியும் ஞாயிறும் திரும்பி வந்தன. மாதப் பௌர்ணமி மட்டும் விடுமுறையாக நின்றுவிட்டது.

நீர்கொழும்பிலிருந்து சிலாபம் வரையான கத்தோலிக்கக் கரைக்கு அந்த ஆண்டுகள் இலேசாக இருந்திருக்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை படகு இறக்காத கரை இது. சட்டத்தில் ஞாயிறு வேலை நாளாக இருந்த காலத்திலும் இந்த மக்களுக்கு அது ஆண்டவரின் நாள்தான்.

சிலாபத்தில் யாருடைய ஓய்வு நாள் எது என்ற கேள்விக்கு ஒற்றைப் பதில் கிடையாது. ஊருக்குள் மரியன்னை பேராலயம். 1939இல் உருவான சிலாப மறைமாவட்டத்தின் தலைமைக் கோயில் அது. ஊரிலிருந்து சிறிது தூரம் கிழக்கே போனால் முன்னேஸ்வரம் சிவன் கோயில். 1578இல் போர்த்துக்கேயர் இடித்ததைக் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1753இல் எடுப்பித்தான். ஆவணி மகோற்சவக் காலத்தில் வடிவாம்பிகையிடம் நேர்த்தி வைக்க வருவோரில் சிங்களவர் தொகை தமிழரைவிடக் கூடுதலாகத்தான் தெரியும். தீர்த்தத்துக்குச் சுவாமி தெதுறு ஓயாவுக்கு எழுந்தருளும்போது மணலில் நிற்கும் கூட்டத்துக்குள் எந்த மொழியில் வழி கேட்டாலும் பதில் கிடைக்கும்.

போயா வெள்ளியிலோ திங்களிலோ விழுந்தால் கொழும்பு–புத்தளம் வீதி நிறைந்துவிடும். வான்களும் கார்களும் கற்பிட்டிக்கு டொல்பின் பார்க்கப் போகின்றன, வில்பத்துவுக்குச் சிறுத்தை பார்க்கப் போகின்றன. சிலாபத்தில் செவ்விளநீர் குடிக்க நிறுத்துவார்கள், சோறு சாப்பிடுவார்கள், போய்விடுவார்கள். இங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று என்னிடமே கேட்டவர்கள் உண்டு. என் பதில் இதுதான்: தண்ணீர் ஓய்வெடுப்பதைப் பார்க்கலாம். இந்தக் கரையின் அழகு முழுவதும் அந்த ஓய்வினால் வந்தது என்று நான் நம்புகிறேன்.

போயாவுக்கு முதல்நாள் மாலை களப்பின் வாயிலுக்குப் போங்கள். படகுகள் வரிசையாகக் கரையில் ஏறிக் கிடக்கும். வலையைக் காலில் விரித்துக்கொண்டு, அறுந்த கண்ணுக்குள் ஊசியை விட்டு எடுத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தேன். போயா என்பதாலா கடலுக்குப் போகவில்லை என்று கேட்டேன்.

"போயாவுக்கும் இதுக்கும் என்ன தம்பி? நிலவு வெளிச்சத்துல மீனுக்கு வலை தெரிஞ்சிரும். போனா எண்ணெய்க் காசும் வராது."

சொல்லிக்கொண்டே கை நிற்கவில்லை. வலையின் மேல் கயிற்றில் மிதவைகள் சில புதிதாகவும் சில பாசி ஏறிக் கறுத்தும் இருந்தன. அறுந்த இடத்தில் பழைய நூல் வெளிர்நீலம், புது நூல் கடும்பச்சை. ஒரே வலையில் பல ஆண்டுகளின் நிறம். அடுத்த இருட்டுக்குள் அந்த வலை தயாராகிவிடும்.

சாளையும் சூடையும் இருட்டில் கூட்டமாக வரும். நிலாக் காலத்தில் சிதறிப் போகும். அதனால் அரசாங்கம் அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் பௌர்ணமியை ஒட்டிய சில இரவுகள் இந்தக் கரைக்கு லீவு. சந்தைக்கு நண்டு வாங்க வருகிறவர்களும் நிலாக் கணக்குப் பார்ப்பார்கள். பௌர்ணமி நண்டில் சதை இல்லை, அமாவாசைக்கு வாங்கு என்று என் சின்னம்மா இன்றைக்கும் சொல்வார். முருங்கையிலை போட்டு இறக்கும் அவருடைய நண்டுக் கறி அமாவாசையை ஒட்டித்தான் எங்கள் வீட்டில் வரும்.

நிலா தரும் ஓய்வு சில இரவுகள் என்றால், காற்றுத் தருவது சில மாதங்கள். நம் நாட்டில் கோடையும் குளிரும் இல்லாததால் பருவமே இல்லை என்று எழுதுகிறவர்கள் இந்தக் கரையில் ஒரு வருடம் இருந்து பார்க்க வேண்டும். வைகாசியில் சோளகம் எழும்பினால் கடலின் நிறமே மாறிவிடும். ஐப்பசி வரை அலை கரையைத் தின்னும். கரைவலை மடித்து வைக்கப்படும். உடப்பில் அம்பாப் பாட்டுப் பாடி வலை இழுக்கும் கைகளுக்கு அந்த மாதங்களில் இங்கே வேலை இல்லை. முன்பெல்லாம் மேற்குக் கரை மீனவர் அந்தக் காலத்தில் முல்லைத்தீவு, திருகோணமலைப் பக்கம் போய் வாடி அடித்துத் தொழில் செய்தார்கள். யுத்தம் அதை அறுத்தது. யுத்தம் முடிந்தபின் அந்தப் போக்குவரத்து வடகரை மீனவருக்கும் தென்னவருக்கும் இடையே மனக்கசப்பாகவும் ஆகியிருக்கிறது. அது இன்னொரு வாரத்துக்குரிய விஷயம்.

சோளகத்தில் கரை தேய்வதைப் பார்த்து ஊருக்குப் புதியவர்கள் பயப்படுவார்கள். தேய்வது இயல்பு. வாடைக் காலத்தில் கடல் அமர்ந்ததும் அலை அதே மணலைத் திரும்பக் கொண்டுவந்து போடும். மார்கழி, தை மாதங்களில் கரை அகலமாகி, தாழங்காட்டுக்கும் தண்ணீருக்கும் இடையில் பிள்ளைகள் கிரிக்கெட் விளையாடும் அளவுக்கு இடம் வந்துவிடும். கரையும் இழந்ததை மீட்க ஓய்வெடுக்கிறது. ஆனால் மீட்பதற்கு மணல் வேண்டும். மகா ஓயாவும் தெதுறு ஓயாவும் மலையிலிருந்து கொண்டுவந்து கடலில் சேர்த்த மணல்தான் இந்தக் கரையின் சேமிப்பு. கட்டடத் தேவைக்காக அந்த இரண்டு ஆறுகளின் அடியையும் பல ஆண்டுகளாகத் தோண்டி லொறி லொறியாக ஏற்றினார்கள். இப்போது சோளகம் எடுத்துப்போவதை வாடை முழுதாகத் திருப்பித் தருவதில்லை. கரையில் கருங்கல்லைக் கொட்டித் தடுக்கிறோம். ஆற்றில் தோண்டியதற்குக் கடற்கரையில் கல் கொட்டுவது எனக்கு ஆறாத வருத்தம்.

ஓய்வே கொடுக்காமல் தண்ணீரை வேலை வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு சிலாபமும் புத்தளமும் பெரிய விலை கொடுத்துப் பாடம் படித்திருக்கின்றன. 1980களில் இறால் பண்ணைகள் வந்தன. வரி இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. களப்பு ஓரத்துக் கண்டல் காடுகளை வெட்டிக் குளம் தோண்டினார்கள். ஒரு அறுவடை முடிந்த கையோடு அடுத்த குஞ்சு இறங்கியது. ஒல்லாந்தர் காலத்து வாய்க்கால் களப்புகளை இணைத்துக்கொண்டு புத்தளம் வரை ஓடுகிறது. ஒரு பண்ணை கழித்துவிட்ட தண்ணீரை அதே வாய்க்காலிலிருந்து அடுத்த பண்ணை இறைத்தது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது அது குளம் குளமாகத் தாவியது. இறாலின் தலையோட்டை உரித்து வெளிச்சத்துக்குப் பிடித்தால் சுண்ணாம்புத் துளி சிந்தினதுபோல் வெள்ளைப் பொட்டுகள் தெரியும். தெரிந்து சில நாட்களுக்குள் குளம் முழுக்கச் செத்து மிதக்கும். கடன்பட்டுக் குளம் வெட்டிய சிறு பண்ணைக்காரர் எத்தனையோ பேர் அதில் எழும்பவே இல்லை. உப்புப் பூத்து வெடித்த அவர்களுடைய குளங்களை இன்றும் வீதியோரத்தில் காணலாம். காடும் போய், இறாலும் போய்க் கிடக்கும் நிலம் அது.

அதன்பின் அதிகாரிகளும் பண்ணைக்காரர் சங்கங்களும் சேர்ந்து ஒரு ஒழுங்கு கொண்டுவந்தார்கள். பயிர்க் கலண்டர் என்று அதற்குப் பெயர். கரையை வலயங்களாகப் பிரித்து, ஒரு வலயத்தில் குஞ்சு விடும்போது இன்னொரு வலயம் குளத்தை வற்றவைத்துக் காயப்போட வேண்டும். வெயிலில் அடிமண் வெடிக்கும்வரை ஒன்றும் செய்யக்கூடாது. நோய் முற்றாகப் போய்விடவில்லை, ஆனால் தொழில் தப்பிப் பிழைத்தது. சிலாபத்தின் இறாலுக்கும் இப்போது கலண்டரில் லீவு எழுதப்பட்டிருக்கிறது.

வெட்டிய கண்டலின் கதை இன்னும் முடியவில்லை. சிலாபத்துக்கு வடக்கே புத்தளம் வீதியில் ஆனைவிழுந்தான் இருக்கிறது. 12ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் குளத்தொடர். ஒரு குளம் நிறைந்து அடுத்த குளத்துக்கு வழியும் அமைப்பு. 1997இல் சரணாலயமாகி, 2001இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 1,397 ஹெக்டேயருக்குள் நன்னீர்க் குளம், கண்டல் காடு, கடற்கரை மூன்றும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு கிடப்பது அபூர்வம். அங்கேயும் உள்ளே இறால் குளங்கள் முளைத்தன. 2020 ஆகஸ்டில் இயந்திரத்தைக் கொண்டுவந்து மீண்டும் காடு வெட்டியபோது நாடே சத்தம் போட்டது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்தது. கைவிட்ட இறால் குளங்களைக் காடாக்க வனஜீவராசிகள் திணைக்களமும் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் இறங்கினார்கள். நாற்று நட்டுப் படம் எடுப்பது இந்த நாட்டில் பலமுறை நடந்த வேலை. 2004 சுனாமிக்குப் பிறகு நாடெங்கும் 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட்ட கண்டலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் பிழைத்தது என்று 2017இல் வந்த ஆய்வு சொன்னது. பொருந்தாத இடத்தில் பொருந்தாத இனத்தை நட்டதுதான் பெரும்பாலும் காரணம். ஆனைவிழுந்தானில் தண்ணீரிலிருந்து தொடங்கினார்கள். பழைய வரம்பை வெட்டி, வற்றும் பெருக்கும் தாராளமாகப் போய்வர விட்டார்கள். தண்ணீரோடு விதை தானாக வந்தது. கண்டல் தன் விதையை மரத்திலேயே முளைக்க வைத்து, முருங்கைக்காய் நீளத்தில் தொங்கவிடும். விழுந்தால் சேற்றில் நேராகக் குத்தி நிற்கும், அல்லது மிதந்து போய் இடம் பார்க்கும். பழைய இறால் குளத்தின் நடுவில் அப்படி வந்து நின்ற ஒரு முளையில் இரண்டு இலை விட்டிருந்ததைக் குனிந்து பார்த்தேன். பக்கத்துச் சேற்றில் வெண்கண்டலின் மூச்சுவேர்கள் பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றின் அடியில் விரல் நகத்தளவு நண்டுகள் ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டிக்கொண்டு நின்றன. இலங்கையின் கண்டல் மீட்பு முயற்சியை 2024 பெப்ரவரியில் ஐக்கிய நாடுகள் சபை உலக முன்மாதிரிகளில் ஒன்றாக அறிவித்தது.

வரும் நீண்ட வார இறுதியில் கற்பிட்டிக்குப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். கொழும்பிலிருந்து விடியுமுன் புறப்படுங்கள். ஏழு மணிக்குள் ஆனைவிழுந்தானில் இறங்கினால் அல்லி இலைமேல் நீளவால் இலைக்கோழி நடப்பதைக் காணலாம். கார்த்திகையிலிருந்து பங்குனி வரை வடதேசத்துப் பறவைகளும் சேர்ந்திருக்கும். பாட்டைச் சத்தமாகப் போடவேண்டாம், சோற்றுப் பொதியின் பொலித்தீனைத் திரும்ப எடுத்து வாருங்கள். வரம்பில் நடங்கள்; சேற்றில் இறங்கினால் இந்த வருடத்து முளைகள் உங்கள் காலடியில் நசுங்கிவிடும்.

அடுத்த வாரம்: உடப்பு